கியர்பாக்ஸை இறக்கும் முன்: அம்பாசடர் இன்ஜினில் ஆயில் கசிவு

முழு வேலை முடித்து மறுபடி ஏற்றிய பழைய அம்பாசடர் இன்ஜினுக்கு அடியில் ஆயில் சொட்டினால், பல பட்டறைகளில் முதலில் வரும் தீர்ப்பு, "பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்பதுதான். 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு தொடக்கத்திலேயே தவறுகிறது. அந்த இன்ஜினில் பிஸ்டன்களால் சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் போவதற்கு ரப்பர் சீல் என்று ஒன்று கிடையாது.

பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த இன்ஜின் 1959-இல் அம்பாசடருக்கு வந்தது. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் மூன்று கொண்ட இந்த வடிவத்தில், பின் பேரிங்கைத் தாண்டி வரும் ஆயிலை முதலில் கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள ஒரு வளையம் சுழன்று விசிறி எறிகிறது. அது பேரிங்கை அடியிலிருந்து பிடிக்கும் கேப்பில் உள்ள வடிகால் துளை வழியாக, அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. அதையும் கடந்து வரும் கொஞ்சத்தை, ஷாஃப்ட்டின் மேல் மரைபோல் வெட்டப்பட்ட பள்ளம் சுழற்சியின் வேகத்திலேயே மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறது. அந்த மரைக்கும் அதைச் சூழ்ந்த இரும்புக்கும் இடையே உரசல் இல்லை; மிகச் சிறிய இடைவெளி மட்டுமே உண்டு. இதே குடும்பத்தின் இன்ஜின்கள் பிற்பாடு 1798 சிசி அளவில் ஐந்து மெயின் பேரிங்குக்கு மாறிய பிறகுதான் பின்முனைக்கு ரப்பர் சீல் வந்தது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் கசிவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மரை சுழலும்போது மட்டுமே வேலை செய்கிறது; ஆகவே இன்ஜினை அணைத்த பிறகு அந்த இடத்தில் தங்கியிருக்கும் ஆயில் ஓரிரு சொட்டாகக் கீழே வருவது இயல்பு. முன்பக்கம் உயர்ந்த சரிவில் வண்டியை நிறுத்தினாலோ, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலோ இது கூடும். இரவில் விரித்த அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கறை இருப்பதற்காக இந்த இன்ஜினைப் பிரிக்கச் சொல்ல நான் தயாராக இல்லை. வண்டி ஓடும்போதே ஒழுகினாலோ, கிளட்ச் நழுவத் தொடங்கினாலோ அது வேறு விஷயம்.

அந்த இடைவெளி காற்றையும் விடும் என்பது இதைவிட முக்கியமானது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அது வெளியேறும் எளிய வழிகளில் ஒன்று பின்முனை. போகும் காற்று ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். சிலிண்டரைக் கடைந்து (ரீபோர் செய்து) புது பிஸ்டன் ரிங் போட்ட இன்ஜினில், ரிங்குகள் சிலிண்டரோடு பொருந்திப் பழகும் வரை எரிந்த வாயு ஓரளவு கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்ற வேண்டிய பிரீதர் அடைத்திருந்தால், கேஸ்கெட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏதோ ஒரு இணைப்பில் ஆயில் வந்தே தீரும். பக்கவாட்டுக் கவரிலிருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாயையும், மேல் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் ஓஸ் குழாயையும் கழற்றி ஊதிப் பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியும் கசிவு நிற்காமல் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில், ரப்பர் ஓசுக்குப் பதிலாக மாட்டியிருந்த மலிவான குழாய் இன்ஜின் சூட்டில் இளகி உட்பக்கம் ஒட்டிப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதிதாகவே தெரிந்தது.

ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய தாளை மேலே வைத்துப் பார்க்கலாம். தாள் லேசாகப் படபடத்தால் கவலையில்லை. தூக்கி எறியும் அளவுக்கு நீலப் புகையோடு காற்று வந்தால், பிரீதர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பின் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளக்க வேண்டும்.

கசிவு தெரியும் இடம் ஒன்றாகவும் தொடங்கும் இடம் வேறாகவும் இருப்பதுதான் இந்த வேலையின் பெரிய தொல்லை. ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் ஆயிலைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. முன்னால் டைமிங் கவரில் கசிவது சம்ப் விளிம்பு நெடுக ஓடி, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் வந்து சொட்டும். பட்டறைகளில் டேப்பட் கவர் என்று அழைக்கப்படும் மேல்மூடியின் பின் மூலையில் கசிவது, சிலிண்டர் ஹெட்டின் பின்புறமாக இறங்கி, பார்ப்பவருக்குப் பின் மெயின் பேரிங் கசிவாகவே தோன்றும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு முழுவதும் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு, சந்தேகமான இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவி இன்ஜினை ஓடவிட்டால் முதல் ஈரம் எங்கே பிடிக்கிறது என்பது தெரியும். மேலிருந்து கீழாகத்தான் தேட வேண்டும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்ப்பது இன்னும் துல்லியமானது. சாயம் இன்ஜின் ஆயிலில் மட்டும் இருப்பதால், பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டுவது ஒளிராவிட்டால் அது கியர்பாக்ஸின் முன்பகுதியிலிருந்து வருகிறது என்று முடிவு செய்யலாம். டிப்ஸ்டிக் துளையில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோப்பு நீரால் தேடும் முறை புது இன்ஜின்களுக்கு நல்லது. இங்கோ பின்முனையில் எப்போதும் காற்று சீறும் என்பதால், அதைக் கேட்டு ஏமாறக் கூடாது.

மேல்மூடியும் சம்பும் தகட்டால் ஆனவை. கசிகிறது என்று மேலும் மேலும் முறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு இடைப்பட்ட பகுதி கேஸ்கெட்டை விட்டு விலகும். குழிந்த விளிம்பை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டி நேராக்கிய பிறகே புது கார்க் கேஸ்கெட் போட வேண்டும். சம்ப் போல்ட்டுக்குச் சுமார் 8 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பக்கவாட்டுக் கவர்களுக்கு அதைவிடவும் குறைவு. அந்தக் கவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே மறைந்திருப்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால் மேல்மூடியில் கசியும் ஆயில் சுடும் மேனிஃபோல்டின் மேல் விழுந்தால் புகையும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. கருகிய ஆயில் வாசனை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

டைமிங் கவரின் முன் சீலைப் பொருத்தும்போது, போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கிராங்க் புல்லியை உள்ளே செலுத்திக் கவரை நடுப்படுத்திய பிறகே இறுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் புது சீலும் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடுகிறது. புல்லியின் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், மெல்லிய உறை பொருத்தாமல் சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. கிண்ண வகை ஆயில் ஃபில்டரில் பழைய ரப்பர் வளையத்தைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு அதன் மேல் புதியதை வைப்பதும் அடிக்கடி நடக்கிறது; அது கசிவதில்லை, கொட்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, கசிவு உண்மையிலேயே பின் மெயினிலிருந்துதான் வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இன்ஜின் வேலையின்போதே விதைக்கப்பட்டது. பின் பேரிங் கேப் பிளாக்கோடு சேரும் முகத்தில் மெல்லிய பூச்சாக ஜாயின்டிங் பேஸ்ட் தடவ வேண்டும். சிலர் தடவுவதே இல்லை, சிலர் தாராளமாகத் தடவி வடிகால் துளையையே அடைத்துவிடுகிறார்கள். சம்பின் இரு முனைகளிலும் கேப்புக்கு அடியில் வரும் கார்க் துண்டுகள் குட்டையாக இருந்தால் மூலைகளில் கசியும். மெயின் பேரிங் இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங்கின்போது மையம் சற்று விலகியிருந்தால், மரையைச் சுற்றிய இடைவெளி ஒருபக்கம் அகன்று, மறுபக்கம் உரசத் தொடங்கும். இதைப் பேஸ்ட் பூசிச் சரிசெய்ய முடியாது. பின்முனையில் ரப்பர் சீல் பொருத்துவதற்கான மாற்று அமைப்புகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் துல்லியமான மையம் வேண்டும் என்பதால், மோசமான லேத் வேலையை அவை மறைக்கா.

கறுப்போ சிவப்போ, சிலிகான் பேஸ்ட்டைப் பிதுங்கப் பிதுங்கப் பூசுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்குகிறது. அந்தத் துணுக்குகள் பிய்ந்து சம்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் ஒட்டும்போது, கசிவை நிறுத்தப் போய் பேரிங்கைப் பலி கொடுத்ததாக ஆகிவிடும்.

20W-40 அல்லது 20W-50 தரக் கெட்டி ஆயிலுக்காக உருவான இடைவெளிகளில், இன்றைய கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் ஆயிலை ஊற்றினால் கசிவு கூடுவதில் வியப்பில்லை. கசிவை நிறுத்துவதாக விற்கப்படும் திரவங்கள் ரப்பரை ஊதச் செய்பவை. ரப்பரே இல்லாத பின்முனையில் அவற்றால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆகவே கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், பிரீதரைக் கழற்றிப் பார்த்தீர்களா, கழுவி உலர்த்தி ஓடவிட்டுப் பார்த்தீர்களா, மேல்மூடியின் பின் மூலை காய்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் முன்னிலையிலேயே காட்டச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் நீங்களே போய்ப் பார்ப்பதாக இருந்தால், ஜாக்கை மட்டும் நம்பாமல் இருபுறமும் ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே தலையை நீட்டுங்கள்.