சாஃப்ட் சைன்: மென்குறியா, நுண்குறியா?

மேசைமேல் முஷ்டியை வையுங்கள். அடுத்து கையை நிமிர்த்தி அதன் விளிம்பால் தட்டுங்கள். அப்புறம் உள்ளங்கையைக் கவிழ்த்து வையுங்கள். முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை. இதையே விடாமல் பதினைந்து தடவை. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு சுற்றிலேயே கை பழகிவிடும். மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரினியா) உள்ள பலருக்கு வரிசை குழம்பும்: விளிம்பு வரவேண்டிய இடத்தில் மறுபடி முஷ்டி வரும், அல்லது கை நடுவில் தயங்கி நிற்கும். கையில் பலவீனம் இல்லை, சொன்னது புரியாமலும் இல்லை. சோவியத் நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சோதனை இது. இதில் வெளிப்படும் தடுமாற்றம் போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் 'நியூரலாஜிக்கல் சாஃப்ட் சைன்ஸ்' என்கிறார்கள்.

'சாஃப்ட்' என்றால் இங்கே என்ன? அதன் எதிர்ச்சொல்லைப் பார்த்தால் புரியும். 1896-ல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி விவரித்த குறி ஒன்று உண்டு. உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும். பெரியவர்களிடம் அது தெரிந்தால், மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் கோளாறு என்று சொல்லிவிடலாம். அது 'ஹார்ட்'. முஷ்டிச் சோதனையில் தடுமாறுபவருக்கு மூளையின் எந்த இடத்தில் பழுது என்று அப்படிக் கைகாட்ட முடியாது. அதனால் இது 'சாஃப்ட்'. நியூயார்க்கில் மனச்சிதைவு உள்ள குழந்தைகளை ஆராய்ந்த லாரெட்டா பெண்டர் 1947-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

சரி, தமிழில்? 'மென்பொருள்', 'மென்பானம்' வரிசையில் 'மென்குறி' என்று எழுதிவிடலாம். எனக்கு ஒப்பவில்லை. இந்தக் குறியில் மென்மை எதுவும் இல்லை, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்பதே விஷயம். 'நுண்ணறிவு', 'நுண்கலை' இரண்டிலும் உள்ள 'நுண்' அதைச் சரியாகச் சொல்கிறது. இடத்தைச் சுட்டாது என்ற பொருள் அதில் விட்டுப்போகிறது, உண்மைதான். அதற்காக 'இடஞ்சுட்டாக் குறி' என்று எழுதினால் யாரும் வாயில் நுழைக்க மாட்டார்கள்.

'குறி' என்ற பாதியில் வேறு சிக்கல். தனியாக நின்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். 'அடையாளம்' என்று மாற்றலாமா? வேண்டாம். சித்த மருத்துவ நூல்களில் 'குறிகுணம்' என்ற சொல் பழகியதுதான். நோயாளி சொல்லும் தொந்தரவு வேறு, மருத்துவர் சோதித்துக் காண்பது வேறு. இரண்டையும் 'அறிகுறி' என்றே எழுதி வருகிறோம். பின்னதற்கு மட்டும் 'குறி' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். ஆக, 'நரம்பியல் நுண்குறிகள்'.

இவற்றை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. புகேனனும் ஹைன்ரிக்ஸும் 1989-ல் வெளியிட்ட நரம்பியல் மதிப்பீட்டு அளவுகோலில் 26 சோதனைகள். கண்ணை மூடச் சொல்லிக் கையில் காசோ சாவியோ வைத்து என்னவென்று கேட்பது, விரல் நுனியில் ஓர் எண்ணை எழுதி அது எது என்று கேட்பது, குதிகாலும் விரலும் தொட நேர்க்கோட்டில் நடக்க வைப்பது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 0 முதல் 2 வரை. ஷ்ரோடர் குழுவினர் உருவாக்கிய ஹைடல்பெர்க் அளவுகோலில் 16 சோதனைகள், 0 முதல் 3 வரை. இங்கே ஒரு விசித்திரம்: தவறு செய்தால்தான் மதிப்பெண் ஏறும்.

மனச்சிதைவுக்குத் தரும் மாத்திரையால் வரும் நடுக்கத்தையும் விறைப்பையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்தே தொடாத நோயாளிகளிடமும் நுண்குறிகள் காணப்படுகின்றன. நோயில்லாத உடன்பிறப்புகளிடமும் ஓரளவு உண்டு, நலமாக இருப்பவர்களிடம்கூட ஒன்றிரண்டு தென்படும். வீட்டில் முஷ்டிச் சோதனையைச் செய்து பார்த்துத் தடுமாறியவர்கள் பயப்பட வேண்டாம். ஒற்றைக் குறியை வைத்து யாரும் நோயைத் தீர்மானிப்பதில்லை, கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை நான் எப்போதும் பன்மையில்தான் எழுதுகிறேன்.