அரைவல் கார்டுக்குப் பணம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடுங்கள்

திருச்சியில் டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பும் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பக்கத்து ஊர் மாதிரி. காலையில் கடையைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து காத்திருக்கும். "மலேசியா கார்டு நாங்களே போட்டுட்டோம் அண்ணே, கரெக்டா இருக்கான்னு மட்டும் பாருங்க." பார்ப்பேன். பெயர், பாஸ்போர்ட் எண், விமானம் எல்லாம் சரியாகவே இருக்கும். "எவ்வளவு கட்டினீங்க?" என்று அடுத்துக் கேட்பேன். தலைக்கு நாலாயிரத்துச் சொச்சம் என்று பதில் வரும். நான்கு பேர் குடும்பம் என்றால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கார்டுக்கு மலேசிய அரசு வாங்கும் கட்டணம் பூஜ்யம்.

எம்டிஏசி என்கிற மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2023 டிசம்பர் 1 முதல்தான் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று மலேசியா ஆக்கியிருந்தது. விசா போய்க் கார்டு வந்ததும் மக்கள் குழம்பிவிட்டார்கள். "விசா ஃப்ரீதானே, அப்புறம் எதுக்குக் கார்டு?" என்று ஒரு பக்கம் கேள்வி. "கார்டுதான் இப்போ விசா, அதுக்குக் காசு உண்டு" என்று இன்னொரு பக்கம் வதந்தி. இந்தக் குழப்பத்தில்தான் இடைத்தரகு இணையதளங்கள் பிழைக்கின்றன. விமானத்தில் இமிக்ரேஷனுக்கு முன்பு ஒரு தாளை நிரப்பிக் கொடுப்போமே, அந்தத் தாள்தான் போனுக்குள் வந்திருக்கிறது. அவ்வளவே.

சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்டும் இலவசம். தாய்லாந்து 2025 மே 1 முதல் கட்டாயமாக்கிய டிடிஏசி என்கிற டிஜிட்டல் அரைவல் கார்டும் இலவசம். மூன்றுக்கும் பொதுவான இன்னொரு சங்கதி, பயணத்துக்கு 3 நாள் இருக்கும்போதுதான் நிரப்ப முடியும். தரகுத் தளங்கள் இதையே வியாபாரமாக்கிவிட்டன. ஒரு மாதம் முன்னாடியே உங்களிடம் விவரமும் பணமும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 3 நாள் இருக்கும்போது அரசுத் தளத்தில் அதையே தட்டச்சு செய்து பிடிஎஃப்பை அனுப்புவார்கள். 'முன்கூட்டியே சமர்ப்பிக்கும் வசதி' என்று இதற்கொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு மிச்சமாவது ஒரு பத்து நிமிட வேலை.

சிங்கப்பூர் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தனியாக வேண்டும். அரைவல் கார்டு விசா ஆகாது. கார்டுக்குப் பணம் கட்டிவிட்டு விசா கிடைத்துவிட்டதாக நினைத்து, டிக்கெட்டுக்கு இரண்டு நாள் முன்பு வந்து நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் மோசடிதானே, போலீஸில் புகார் கொடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இந்தத் தளங்களில் பெரும்பாலானவை பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதில்லை. கார்டு வரும், இடிஏ (சில நாடுகளுக்குப் போகும் முன்பே ஆன்லைனில் வாங்கும் பயண அனுமதி) வரும், இமிக்ரேஷனில் செல்லவும் செய்யும். பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில், 'நாங்கள் தனியார் நிறுவனம், எந்த அரசுடனும் தொடர்பு இல்லை, எங்கள் சேவைக்குக் கட்டணம் உண்டு' என்று எழுதியிருப்பார்கள். 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் நீங்களும் டிக் அடித்திருப்பீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டால் அவர்கள் அந்த டிக்கையும் உங்களுக்கு அனுப்பிய பிடிஎஃப்பையும் எடுத்து நீட்டுவார்கள். பெரும்பாலும் வழக்கு அதோடு முடிந்தது. அதனால் பணம் கட்டிய பிறகு செய்வதைவிடக் கட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பார்ப்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

நானும் சர்வீஸ் சார்ஜ் வாங்குபவன்தான், அதை மறைக்கவில்லை. போனில் தட்டத் தெரியாத பெரியவர்கள், கண்ணாடி இல்லாமல் ஆங்கிலம் படிக்க முடியாதவர்கள், குரூப்பாகப் போகிறவர்கள் என்று எங்களைத் தேடி வருபவர்கள் உண்டு. அவர்களிடம் 'அரசுக் கட்டணம் இவ்வளவு, எனக்கு இவ்வளவு' என்று பிரித்துச் சொல்லிவிட்டு வாங்கினால் அது தொழில். அரசு முத்திரை மாதிரி ஒரு படத்தை மேலே போட்டு, இரண்டையும் ஒரே தொகையாகக் காட்டி வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. உங்கள் ஏஜென்ட் பிரித்துச் சொல்ல மறுத்தால் அவரிடமும் போக வேண்டாம்.

இலங்கை இடிஏ கதை இன்னும் சுவாரசியம். 2012 ஜனவரியில் தொடங்கிய முறை அது. அரசுத் தளத்தின் பெயர் ஒன்றே ஒன்றுதான்: இடிஏ டாட் கவ் டாட் எல்கே. உள்ளே போனால் தனிநபர், குழு, மூன்றாம் தரப்பு என்று விண்ணப்பிக்க வழிகள் இருக்கும். அந்த மூன்றாவது வழி, ஒருவருக்காக இன்னொருவர் விண்ணப்பிப்பதற்கு. தரகுத் தளக்காரர்களுக்கென்று தனிக் கதவோ அரசிடம் செல்வாக்கோ கிடையாது. நீங்கள் நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான் அவர்களும் நிரப்புகிறார்கள்.

2023 நவம்பரில் இந்தியா உட்பட 7 நாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று இலங்கை சொன்னது. இலவசம் என்றாலும் இடிஏ எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை விட்டவர்கள் ஏராளம். அப்புறம் 2024 ஏப்ரலில் ஒரு தனியார் கூட்டமைப்பின் கையில் புது இ-விசா முறையைக் கொடுத்தார்கள். இணையதள முகவரியும் மாறியது, அதில் 'கவ்' என்ற சொல்லே இல்லை. ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது, செப்டம்பர் கடைசியில் பழைய இடிஏ திரும்பி வந்தது. அந்த சில மாதங்கள் எங்களுக்கே தலை சுற்றியது. அசல் தளமே போலி மாதிரி இருந்தால் போலிகளுக்குக் கொண்டாட்டம்தானே. யாருக்குக் கட்டணம், யாருக்கு விலக்கு என்பதை அதற்குப் பிறகும் அவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே போன வருடம் போய் வந்த மச்சான் சொன்னதை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தைப் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கப்பல் என்பதால் விலக்கு இல்லை.

சரி, அசல் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கூகுளில் 'ஸ்ரீலங்கா இடிஏ' என்று தேடினால் மேலே வரும் முடிவுகளில் சிலவற்றின் தலையில் சின்னதாக 'ஸ்பான்சர்டு' என்று இருக்கும். அது விளம்பரம். அரசு ஆவணங்களுக்கு அனுமதி இல்லாதவர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று கூகுளே விதி வைத்திருக்கிறது, ஆனாலும் நுழைந்துவிடுகிறார்கள். விளம்பரங்களைத் தாண்டிக் கீழே போங்கள். ஒரு தளத்தைத் திறந்ததும் படத்தையும் கொடியையும் பார்க்காமல் மேலே முகவரியைத் தொட்டு முழுசாகப் படியுங்கள். முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இலங்கைக்கு 'டாட் கவ் டாட் எல்கே', மலேசியாவுக்கு 'டாட் கவ் டாட் எம்ஒய்', சிங்கப்பூருக்கு 'டாட் கவ் டாட் எஸ்ஜி', தாய்லாந்துக்கு 'டாட் கோ டாட் டிஎச்', வியட்நாமுக்கு 'டாட் கவ் டாட் விஎன்'. 'கவ்' என்ற எழுத்துகளை நடுவில் ஹைஃபன் போட்டுச் செருகி, கடைசியில் 'டாட் காம்' அல்லது 'டாட் ஆர்க்' என்று முடித்தால் அது அரசு இல்லை. பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். பூட்டு இருந்தால் இணைப்பு பாதுகாப்பானது என்று மட்டுமே பொருள். தளம் யாருடையது என்று அது சொல்லாது.

கனடா இதற்கு ஒரு விதிவிலக்கு, அதன் அரசுத் தளம் 'கனடா டாட் சிஏ' என்றே முடியும்.

கனடா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க எஸ்டா (அமெரிக்காவின் இடிஏ மாதிரி) கிடையாது, பிரிட்டன் இடிஏ கிடையாது, கனடா இடிஏவும் கிடையாது. மூன்றுக்கும் முறையான விசாதான். ஆனால் சில தரகுத் தளங்கள் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்காமலே விண்ணப்பத்தை வாங்கிப் பணத்தையும் வாங்கிவிடும். "சித்தப்பா லண்டன்ல இருக்கார், இடிஏ போட்டா ரெண்டு நாள்ல வந்துடும்னு போட்டிருக்கு" என்று ஒரு பையன் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தான். அந்த சித்தப்பாவின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்குக் கனடா போக இடிஏ போதும், இவனுக்கு லண்டன் போக விசா வேண்டும். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுத்த சொந்தக்காரர்களுக்கு 2025-ல் இருந்த இந்தத் தொகைகளைச் சொல்லி வையுங்கள். கனடா இடிஏ 7 கனடிய டாலர், அதிகபட்சம் 5 வருடம் செல்லும். பிரிட்டன் இடிஏ 10 பவுண்டில் தொடங்கி 2025 ஏப்ரலில் 16 ஆனது. கனடிய பாஸ்போர்ட்காரர்கள் லண்டனில் இறங்கி உறவினரைப் பார்க்க 2025 ஜனவரி 8 முதல் அது வேண்டும். அமெரிக்க எஸ்டா 21 டாலரிலிருந்து 2025 செப்டம்பர் கடைசியில் 40 ஆனது. கட்டணம் ஏறுவது வழக்கம்தான். ஆனால் 7 டாலர் இடிஏவுக்கு 90 டாலர் கேட்டால் ஏறியதாக நினைக்காதீர்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பெயர் விஷயம். நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' காலியாக இருக்கும், அல்லது இனிஷியலை விரித்து அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். எங்கோ உட்கார்ந்து இதை நிரப்பும் தரகுத் தள ஊழியருக்கு எது அப்பா, எது பிள்ளை என்று என்ன தெரியும்? இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரைப் போட்டு, பாஸ்போர்ட்டில் இல்லாத ஓர் ஆளை உருவாக்கிவிடுவார். பாஸ்போர்ட் எண்ணிலும் அப்படித்தான். இந்திய பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் எழுத்து, மீதி ஏழும் எண்கள். நடுவில் ஆங்கில 'ஓ' வருவதற்கே இடமில்லை. ஆனாலும் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' விழுந்த இடிஏக்கள் வரும். எண் தப்பான இடிஏ இருந்தும் இல்லாததும் ஒன்றுதான், செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் திருத்தலாம் என்று பார்த்தால் விண்ணப்பத்தில் இருக்கும் மெயில் முகவரி தரகுத் தளத்துடையது. அரசிடமிருந்து வரும் கேள்வியும் அவர்களுக்குத்தான் போகும்.

அதனால் ஏற்கெனவே வேறு தளத்தில் போட்டிருந்தால், அசல் அரசுத் தளத்துக்குப் போய் 'ஸ்டேட்டஸ் செக்' செய்யுங்கள். இலங்கைக்கு அந்த வசதி உண்டு. அங்கே உங்கள் விவரம் வந்தால் அனுமதி உண்மை, பணம் மட்டும்தான் போனது. வரவில்லை என்றால் கையில் இருப்பது வெறும் பிடிஎஃப், உடனே புதிதாக விண்ணப்பியுங்கள். அரைவல் கார்டுகள் என்றால் சந்தேகம் வந்தாலே நீங்களே இன்னொரு முறை நிரப்பிவிடலாம், காசா பணமா.

பணம் கட்டிய அன்றே தெரிந்துகொண்டால் தாமதிக்காமல் அவர்களுக்கு மெயில் அனுப்பி ரத்து கேளுங்கள். விண்ணப்பம் அரசுத் தளத்துக்குப் போவதற்கு முன்பு கேட்டால் சிலர் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதுண்டு. ஒன்றுமே அனுப்பாமல் ஏமாற்றியிருந்தால் அது சுத்த மோசடி, சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். எப்படி இருந்தாலும் வங்கி ஆப்பைத் திறந்து, பணம் கட்டிய வங்கிக் கார்டில் 'இன்டர்நேஷனல்' என்ற சுவிட்சை அணைத்து வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலே பணம் போகும், சேமித்து வைத்த கார்டில் அடுத்த மாதமும் கை வைக்க அவர்களால் முடியும்.

கடைசியாக, ஊருக்கு வருபவர்களுக்கு ஒன்று. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வரும் உறவினர்கள் 'இந்தியா இ-விசா' என்று தேடினாலும் இதே கூட்டம்தான் முதலில் வந்து நிற்கும். அரசுத் தளம் 'இண்டியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன்', எல்லாம் ஒரே சொல்லாக. 2025 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டவருக்கு இந்தியாவும் இ-அரைவல் கார்டு கொண்டுவந்திருக்கிறது. அதே தளத்தில்தான் அதுவும் இருக்கிறது, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. லிங்கை நீங்களே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், அவர்களைக் கூகுளில் தேட விடாதீர்கள்.