வேக்ஸ் வாரம்: சொல் விளக்கம்

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், ஓர் ஊரின் பஞ்சாலைகள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடப்படும். தொழிலாளர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்புவார்கள். அந்த ஆண்டு விடுமுறைதான் வேக்ஸ் வாரம்.

'வேக்' என்றால் இங்கே தூங்கி எழுவதல்ல, தூங்காமல் இருப்பது. தேவாலயப் புனிதரின் திருநாளுக்கு முந்தைய இரவு, மக்கள் கண்விழித்து வேண்டுவார்கள். நம் கத்தோலிக்கர்கள் 'பாஸ்கா திருவிழிப்பு' என்கிறார்களே, அதே விழிப்பு. இறந்தவர் உடலருகே விழித்திருப்பதற்கும் இச்சொல் உண்டு. நாளடைவில் விழிப்பு மறைந்து, சந்தையும் கூத்தும் குடியும் நிலைத்தன. ஆலைகள் வந்த பிறகும் அந்த நாள்களில் ஆள் வேலைக்கு வரவில்லை. முதலாளிகள் வேறு வழியின்றி ஆலையை மூடி, கொதிகலன்களைச் சுத்தம் செய்யவும் எந்திரங்களைப் பழுதுபார்க்கவும் அந்த வாரத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்கு 1846இல் ரயில் வந்தது. விடுமுறை ஊருக்கு ஊர் வெவ்வேறு வாரத்தில் வந்ததால், கோடை முழுக்க அங்கே ஏதோ ஓர் ஊர்க்காரர் கூட்டம் இருந்துகொண்டே இருக்கும். தெருவில் பார்ப்பவரெல்லாம் அண்டை வீட்டுக்காரர். பல விடுதிகளில் அறைக்கு மட்டும்தான் வாடகை. மளிகையைத் தங்குபவர் வாங்கித் தர, வீட்டுக்கார அம்மாள் சமைத்துப் போடுவார். மேசையில் உப்பும் மிளகுத்தூளும் வைத்ததற்குத் தனிக்காசு வாங்கியவர்களும் உண்டு!

இந்த விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. சேமிப்புச் சங்கத்தில் வாராவாரம் சில்லறையாகப் போட்டுவைத்த பணம்தான் கடற்கரையில் செலவாகும். சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'விழிப்பு வாரம்' என்றால் போக்குவரத்துக் காவலர் நடத்தும் விழிப்புணர்வு வாரம்போல ஒலிக்கும். 'ஆலை மூடல்' என்றால் வேலை போய்விட்டது என்று பொருள்படும். 'இன்பச் சுற்றுலா' என்றால் நிர்வாகம் செலவு செய்து கூட்டிப்போனதாகிவிடும். ஓய்வெடுப்பது ஓர் ஆலை அல்ல, ஊரே என்பதால் 'ஊர் விடுமுறை வாரம்' என்பதே என் தேர்வு. சமயச் சடங்காக இருந்த பழைய காலத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் 'திருவிழிப்பு' என்றே எழுதலாம்.

எடுத்துக்காட்டு: ஓல்டாமின் ஊர் விடுமுறை வாரத்தில் புகைபோக்கிகள் ஓய்ந்து வானம் தெளிந்திருந்தது, பார்க்கத்தான் ஊரில் ஆள் இல்லை.