பச்சை இலை அச்சிட்ட டயப்பர் வாழையடியில் மக்காது

தாதியான நான், சென்ற வாரம், பிரசவமான ஒரு தாயைப் பார்க்க பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அவரது வீட்டுக்குச் சென்றிருந்தேன். குழந்தையை எடைபோட்டு முடித்ததும், பாட்டி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் வாழையடி மண்ணைக் கிளறிக் காட்டினார். மூத்த பேரனுக்குக் கட்டிய டயப்பர்களை ஓராண்டுக்கு முன்பு அங்கேதான் புதைத்திருக்கிறார். மழைநீரில் ஊறிய ஜெல், ஜவ்வரிசிக் கஞ்சியைப் போல மண்ணோடு கலந்து கிடந்தது. வெளியுறையும் இடுப்புப் பட்டையும் கிழியாமல் அப்படியே இருந்தன. “மக்கிவிடும் என்றுதானே, மிஸ்ஸி, பாக்கெட்டில் போட்டிருக்கிறது?” என்றார். வீட்டுக்கு வீடு இதே கேள்வியைக் கேட்டுச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

மூங்கில், சோளம் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் குழந்தையின் தோலில் படும் மேல்விரிப்பையே குறிக்கும். ஈரத்தை உறிஞ்சும் ஜெல், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பெட்ரோலிய வழிப் பொருள். கசிவைத் தடுக்கும் வெளியுறையும் கால்களைச் சுற்றி வரும் ரப்பரும் பெரும்பாலான வகைகளில் பிளாஸ்டிக்தான். சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் கூட, ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் சூடு நிலைத்திருக்கும் தொழிற்கூட உரக்குவியலில்தான் முறையாக மக்கும். நம் வீட்டு மண்ணில் அந்தச் சூடு வராது. குப்பையில் போட்டால் டயப்பர் நிபோங் திபால் அருகிலுள்ள புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. குவியலின் ஆழத்தில் காற்றில்லாமல் டயப்பரிலுள்ள மரக்கூழ் சிதைந்தாலும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியாகும். ஆகவே மக்கும் என்ற சொல்லை நம்பிக் கூடுதல் ரிங்கிட் கொடுக்காதீர்கள்.

வாங்குவதானால், குளோரின் இன்றி வெளுத்த கூழ், பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குத் தரப்படும் எஃப்எஸ்சி சான்று பெற்ற மரம், வாசனையோ லோஷனோ சேர்க்காத மேல்விரிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். முதலில் சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். தொடையில் ரப்பர் தடம் ஆழமாகப் பதிந்தால் அடுத்த அளவுக்கு மாற வேண்டும். அளவு பொருந்தாமல் கசிந்து வீணாகும் டயப்பர்களும் குப்பைதானே. பகலில் வீட்டிலிருக்கும்போது துணி கட்டினால் இன்னும் நல்லது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறைக்குள் போடவும் வேண்டாம், கொல்லையில் எரிக்கவும் வேண்டாம்.

இயற்கையானது என்பதால் இரவு முழுதும் விட்டுவைக்கலாம் என்று எண்ணும் தாய்மார்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: நம் ஊர்ப் புழுக்கத்தில், பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்தால் இரவானாலும் உடனேயும் மாற்றுங்கள். வெந்நீரை ஆறவைத்து, பஞ்சில் நனைத்துத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கட்டுங்கள். தொடை மடிப்புக்குள் செக்கச்செவேலென்று படர்ந்து, ஓரங்களில் சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவாமல், அன்றே கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.