தன் கட்டளையைத் தானே திருத்தும் நிரல்

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டி, 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது. அதன் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். எண்ணும் கட்டளையும் அந்தக் குழாய்களுக்குள் ஒரே மாதிரித் துடிப்புகளாகத்தான் ஓடின. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நினைவகத்தில் 200ஆம் இடத்திலிருந்து நூறு எண்கள் வரிசையாக இருக்கின்றன, அவற்றைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘200இல் உள்ளதைக் கூட்டு’, ‘201இல் உள்ளதைக் கூட்டு’ என்று நூறு கட்டளை எழுதினால் இடம் வீண். முகவரியை, அதாவது இட எண்ணை, நகர்த்தித் தரும் தனிப் பதிவகம் (சிறு சேமிப்பிடம்) அப்போது எட்சாக்கில் கிடையாது. எனவே நிரல், தன் கட்டளையையே ஒரு எண்ணாக எடுத்து, அதிலுள்ள முகவரியை ஒரு படி கூட்டி, பழைய இடத்திலேயே வைத்துவிடும். அடுத்த சுற்றில் அதே கட்டளை 201ஐக் கூட்டும். எனக்கு இது இன்றும் அழகாகவே படுகிறது.

சரி, இப்படித் தன்னையே மாற்றிக்கொள்ளும் இயந்திரம், கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் போட்ட எல்லையைத் தாண்டிவிடுமா? எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நின்றுவிடுமா, முடிவில்லாமல் ஓடுமா என்று தவறாமல் சொல்லும் நிரல் இருக்க முடியாது என்பதே அந்த எல்லை. மாறாத நிரலுக்குச் சரி, மாறிக்கொண்டே இருப்பதற்கு அது எப்படிப் பொருந்தும் என்ற சந்தேகம் நியாயமானது.

எட்சாக்கில் கட்டளைகள் மாறின, கம்பிகள் மாறவில்லை. ‘எடு, செய், அடுத்ததற்குப் போ’ என்ற விதி கடைசிவரை அதேதான். எந்த இயந்திரத்தையும் போல நடந்துகாட்டும்படி டூரிங் கற்பனை செய்த பொது இயந்திரமும் அப்படித்தான்: இன்னொரு இயந்திரத்தின் விவரம் அதற்கு நாடாவில் உள்ள வெறும் குறிகள். அந்தக் குறிகள் நடுவில் திருத்தப்பட்டாலும், திருத்துகிற விதி மாறாதது. ஆக, தன்னைத் திருத்தும் நிரல் செய்வதையெல்லாம் திருத்தாத நிரலும் செய்துவிடும்.

ஒரு நிரல் நிற்குமா, ஓடுமா என்று கணிக்கும் சோதனை நிரல் ஒன்று தன்னைத் திருத்திக்கொண்டே பதில் சொல்கிறது என்று வையுங்கள். அதன் தொடக்க நிலையை அப்படியே உள்ளே பிரதியாக வைத்து, தன்னைப் பற்றி அந்தப் பிரதியிடமே கேட்டு, பதிலுக்கு நேர்மாறாக நடக்கும் ஒரு முரண் நிரல் எழுதலாம். ‘நீ நிற்பாய்’ என்று சோதனை நிரல் சொன்னால் முரண் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஓடுவாய்’ என்றால் நின்றுவிடும். உள்ளே இருக்கும் பிரதியும் அதே திருத்தங்களைச் செய்து அதே பதிலுக்குத்தான் வந்து சேரும். எனவே சோதனை நிரல் தோற்கும். அப்புறம் அது பாடம் கற்று மாறினால், இந்த முரண் நிரலைச் சரியாகக் கணிக்கக்கூடும். ஆனால் மாறிய வடிவத்துக்கு எதிராக இன்னொரு முரண் நிரல் காத்திருக்கும். வெளியிலிருந்து புதுத் தகவல் வந்து உதவினால், அந்தப் பலம் தகவலுடையது, திருத்தத்துடையது அல்ல.

திருத்தம் தருவது இடமும் வேகமும். உங்கள் உலாவி, இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை அது ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளாக எழுதி, அவற்றையே ஓட்டுவது வேகத்துக்காகத்தான்.