பனிக்குடம் உடைந்தபின் வலிக்காகக் காத்திருக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. தலைப்பிரசவத்துக்காக உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தாய்வீட்டுக்கு வந்திருந்த பெண்ணுக்கு முந்தைய இரவே பனிக்குடம் உடைந்து சேலை நனைந்திருக்கிறது. வலி எடுக்கவில்லை, இப்போதே போனால் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று வீட்டார் ஒரு பகல் முழுவதும் காத்திருந்துவிட்டு, காய்ச்சல் கண்ட பிறகே எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். வந்தபோது 170-ஐத் தாண்டியிருந்தது. அறுவை செய்துதான் எடுக்க முடிந்தது.

வலிதான் பிரசவத்தின் தொடக்கம், அதற்கு முன் மருத்துவமனையில் வேலையில்லை என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது ஊரை விட்டுப் போவதாக இல்லை. பனிக்குடம் குழந்தையைச் சுற்றியுள்ள வேலி; அது உடைந்தபின் நேரம் செல்லச் செல்லக் கிருமித்தொற்று மேலேறும். ‘குடம்’ என்ற சொல்லைக் கேட்டு, மடை திறந்தாற்போல் நீர் கொட்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிவதும் அதே நீர்தான். சிறுநீரை ஓரளவு அடக்கலாம். இதை அடக்க முடியாது. ஐயமாக இருந்தால் சுத்தமான வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு, அதையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள்; ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வந்தவுடன் கத்தியை எடுப்போம் என்பதும் உண்மையல்ல. மாதம் நிறைந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே வந்துவிடுகிறது. வராதவர்களுக்கு வலியைத் தூண்ட மருந்து இருக்கிறது.

பிரசவ வலி போலத் தோன்றும் சூட்டு வலி ஒழுங்கின்றி வரும், ஓய்வெடுத்தால் அடங்கும். பிரசவ வலி பெரும்பாலும் இடுப்பின் பின்புறம் தொடங்கி முன்வயிற்றை இறுக்கி, இடைவெளி குறைந்துகொண்டே வரும். எந்த வலி என்று அறியச் சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பதில் எனக்குத் தடையில்லை. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். தொலைபேசியில் அழைப்பவர்கள் ‘அடிக்கடி வலிக்கிறது’ என்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது நிமிடக் கணக்கு. தலைப்பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்புங்கள். இரண்டாவது பேறு விரைவாக நடக்கும். வலி ஒழுங்குபட்டதுமே புறப்பட வேண்டும். முன்பு அறுவை செய்தவர்களும், 37 வாரம் நிறையாதவர்களும் முதல் வலிக்கே வர வேண்டும்.

இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல், கடுந்தலைவலி, கண் மங்கல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு எந்தக் கணக்கும் கிடையாது, உடனே வாருங்கள். தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை முழங்காலிட்டு மார்பைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்திருங்கள். கொடியை உள்ளே தள்ள முயலாதீர்கள்.

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் பெரியாஸ்பத்திரிக்குச் செல்லும் கோரிப்பாளையம் சாலைகளில் வண்டி நகராது. சித்திரையில் நாள் நெருங்கியவர்கள் மாற்று வழியை முன்பே பார்த்து வையுங்கள். தாய்மார்களே, மாமியார்களே, நள்ளிரவில் எங்களை எழுப்பத் தயங்காதீர்கள். பரிசோதித்துவிட்டு இது சூட்டு வலிதான், நாளை வாருங்கள் என்று நாங்கள் அனுப்பிவைத்தாலும் அந்த அலைச்சல் வீணல்ல. அடுத்த வலிக்கும் தயங்காமல் வாருங்கள்.