கையெழுத்துப் போட வேண்டியவர் கட்டிலில்தான் இருக்கிறார்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வார்டுக்குப் போய்க் கேஸ் ஷீட்டைத் திறக்கும்போது, சம்மதப் படிவம் ஏற்கெனவே பூர்த்தியாகியிருக்கும். 'நோயாளியின் கையொப்பம்' என்ற கட்டத்தில் மகனுடைய கையெழுத்து. பக்கத்திலேயே 'மகன்' என்று உறவுமுறையும் எழுதியிருப்பார்கள். நோயாளியோ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குடலிறக்க ஆபரேஷன், சுயநினைவுக்கு ஒரு குறையும் இல்லை. "என்ன ஆபரேஷன்னு சொன்னாங்களாய்யா?" என்று கேட்டால், "பையன்கிட்ட சொல்லியிருக்காங்க சார்" என்பார்.

இதே கட்டம், இதே பதில். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

18 வயது நிரம்பி, தெளிவாக யோசித்துப் பேசக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஆபரேஷன் செய்ய அவர் மட்டும்தான் சம்மதம் தர முடியும். மகன் தர முடியாது. மனைவி தர முடியாது. அமெரிக்காவிலிருந்து போனில் பேசும் மூத்த மகள் தர முடியாது. பில் கட்டுகிறவர் என்பதால் மருமகனும் தர முடியாது. உறவினர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம், தாராளமாக. சாட்சிக்கென்று தனிக் கட்டம் கீழே இருக்கிறது. ஆனால் "அட்டெண்டர் யாருங்க, வந்து சைன் பண்ணுங்க" என்று வார்டில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். உறவினர்களும் அதுதான் சட்டம் என்று நம்பிவிட்டார்கள். தப்பில் பாதி எங்கள் தரப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை.

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று சொன்ன தீர்ப்பு இருக்கிறது. 1995 மே மாதம், டெல்லி. நீடித்த மாதவிடாய்ப் போக்கு என்று 44 வயது, திருமணமாகாத பெண் ஒருவர் வருகிறார். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்கு மயக்கம் கொடுக்கிறார்கள். பார்த்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்கிறார். நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்குகிறார்கள். கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாம் போயின. கண் விழித்தவருக்கு அது தெரியாது. செய்த சிகிச்சை மருத்துவ ரீதியாகத் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும், அம்மா கொடுத்தது சம்மதம் ஆகாது என்றது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை; விழித்த பிறகு கேட்டிருக்கலாம். டாக்டருக்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 25,000 ரூபாய் நஷ்டஈடு என்று தீர்ந்தது.

நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது: என்ன சிகிச்சை, எப்படிச் செய்வார்கள், எதற்காக, என்ன பலன், வேறு வழி இருக்கிறதா, முக்கியமான ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும். கோடியில் ஒருவருக்கு வரும் ஆபத்தையெல்லாம் பட்டியல் போட்டு மிரட்ட வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. "தேவைப்பட்டால் வேறு எந்த அறுவைச் சிகிச்சையும் செய்துகொள்ள" என்று அச்சடித்த வரி டாக்டருக்குக் கவசம் ஆகிவிடாது. பரிசோதனையோடு சேர்த்துச் சிகிச்சையும் வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால், இரண்டையும் விளக்கி ஒரே தடவையில் சம்மதம் வாங்கலாம். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

கணவர் கையெழுத்து என்ற தனி வியாதியும் உண்டு. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகளில் 7.16ஆம் விதி, குழந்தைப்பேறு இல்லாமல் போகக்கூடிய ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. இருவர் என்றால் அவளும் சேர்த்துத்தான்! அவளைத் தாண்டிப்போய் மாமியாரிடம் கேட்கச் சொல்லவில்லை. அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு வழிகாட்டுதலிலோ துணையின் சம்மதமே தேவையில்லை. கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவளுடைய கையெழுத்து மட்டும் போதும். கணவரைக் கூட்டிவந்தால்தான் ஆச்சு என்று திருப்பி அனுப்புகிற சக டாக்டர்களே, சட்டத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அவசர நிலைமை வேறு. விபத்தில் நினைவிழந்து வருகிறவருக்கு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்யும் சிகிச்சைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. குழந்தைகளுக்குப் பெற்றோர். இதில் யாருக்கும் குழப்பமில்லை என்பதால் மேலே போகிறேன்.

"சட்டம் கிடக்கட்டும், யார் போட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதை. சம்மதம் வாங்கும் அந்தப் பத்து நிமிடப் பேச்சில்தான் எங்களுக்கு வேண்டிய விவரம் கிடைக்கிறது. மகனிடம் கேட்டால் "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, சுகர் மட்டும்தான்" என்பார். அப்பாவிடம் கேட்டால்தான் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வரும். அதில் குளோபிடோக்ரெல் இருக்கும்; ரத்தம் உறையாமல் தடுப்பது. முதுகில் ஊசி போடுவதென்றால் 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அதுவும் இதய டாக்டரைக் கேட்டு. இல்லையென்றால் சுகருக்கு டாபாக்ளிஃப்ளோசின் இருக்கும். அது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியது. ஆடுகிற பல் எது, இரவில் குறட்டையோடு மூச்சுத் திணறுமா என்பதெல்லாம் மகனுக்கு எப்படித் தெரியும்? குடிப்பழக்கத்தைப் பற்றிக் கேட்க, உறவினர்களை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். மருமகள் முன்னால் எந்த மாமனாரும் தினம் ஒரு குவாட்டர் என்று சொல்ல மாட்டார்.

இன்னொன்று, 'மயக்கம்' என்ற சொல். முழு மயக்கத்துக்கும் அதே சொல், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசிக்கும் அதே சொல். யாரும் விளக்காமல் தியேட்டருக்கு வருகிறவர், தூங்கிவிடுவோம் என்று நினைத்துப் படுக்கிறார். விழித்துக்கொண்டே இருக்கிறார், கருவிகளின் சத்தம் கேட்கிறது, தொடுவதும் இழுப்பதும் தெரிகிறது; மருந்து வேலை செய்யவில்லை என்று பதறுகிறார். வலி தெரியாது, தொடுவது தெரியும் என்று முந்தின நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த ரகளை இல்லை. மகனிடம் சொன்னதில் என்ன பிரயோஜனம்? மேஜையில் படுக்கப்போவது அவரா?

"அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்று வராந்தாவில் கையைப் பிடித்துக்கொள்பவர்களை என்னால் திட்ட முடிவதில்லை. அது பாசம்தான். ஆனால் அந்த அப்பாவுக்கு நாளைக்குக் குடலின் ஒரு பகுதியை வெட்டி, வயிற்றில் பை வைக்கப்போகிறார்கள். பை எதற்கு என்று சொல்லாமல் எப்படி வைப்பது? முதலில் அவரிடமே கேளுங்கள்: "உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியணும்னு நினைக்கிறீங்க?" பலர் நாம் நினைப்பதைவிட அதிகம் தெரிந்துவைத்திருப்பார்கள். "எல்லாம் என் பொண்ணுகிட்ட சொல்லிருங்க, எனக்கு வேண்டாம்" என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவு. அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி, தேதியும் நேரமும் போட வேண்டும். நாமாகவே அவருக்குப் பதில் முடிவு செய்வதுதான் கூடாது.

'உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து' என்ற குறளிலும் நோயாளி முதலில் வருகிறார், உடனிருப்பவர் நாலாவதாகத்தான் வருகிறார். ஆஸ்பத்திரிச் சுவர்களில் 'நோய்நாடி'யை மாட்டிவைக்கிறோம்; இரண்டு குறள் தள்ளி இருக்கிற இதைக் காணோம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. படிவத்தைத் தமிழில் கேளுங்கள்; இல்லையென்றால் வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆபரேஷனின் பெயர், எந்தப் பக்கம், செய்யப்போகிற டாக்டரின் பெயர் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும். ஆபரேஷன், மயக்கம், ரத்தம் ஏற்றுவது மூன்றுக்கும் தனித்தனியே விளக்கம் கேளுங்கள். கைநாட்டு என்றால் சாட்சி ஆஸ்பத்திரி ஊழியராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தியேட்டர் வாசலில் ட்ராலியில் படுத்தபடி, தூக்க ஊசி போட்ட பிறகு வாங்கும் கையெழுத்து செல்லாது. சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்: ஊசி போடுவதற்கு முன் படிவத்தைப் பாருங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. சம்மதப் படிவமும் அதில் அடக்கம்.

உறவினர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நகையைக் கழற்றும்போதே அம்மாவின் கண்ணாடியையும் காது மிஷினையும் சேர்த்துக் கழற்றிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அப்புறம் எதை வைத்துப் படிப்பார், எதை வைத்துக் கேட்பார்? அவை இரண்டும் அவரிடமே இருக்கட்டும். தியேட்டருக்குள் போனதும் நாங்கள் வாங்கி, பேர் எழுதி வைத்துக்கொள்கிறோம்.